பொரியாத காசு

“இந்தப் பணம் அவளோடது.”

“தெரியும்.”

“அம்மா போட்டிருந்த வளையலை வித்த காசு. அவ பேரும் என் பேரும் சேர்த்துப் போட்டிருக்கேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய வரும்.”

“நல்லது.”

“நாளைக்கு உங்களுக்கு ஒரு தேவைன்னு வந்தா நீங்களே வந்து என்கிட்ட கேக்கணும், மாப்பிள்ளை. அவளை அனுப்பக் கூடாது. என் தங்கச்சி கண்ணைக் கசக்கிக்கிட்டு என் பட்டறை வாசல்ல வந்து நிக்கக் கூடாது.”

“நான் கேக்க மாட்டேன், மச்சான்.”

“எல்லா மாப்பிள்ளையும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.”

கல்யாணம் முடிந்த வாரத்தில், வங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய பேச்சு இது. அவள் அப்போது போட்டோ ஒட்டப் பசை தேடிப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கணவனும் அண்ணனும் பெஞ்சின் இரண்டு முனைகளில் இருந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். அந்த இடைவெளி அதற்குப் பிறகு குறையவே இல்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. அண்ணனுக்கு லேத் பட்டறை. வேலை ஓய்ந்த நாட்களில் தங்கையைப் பார்க்க வருவார். மாப்பிள்ளைக்கு எதிரிலேயே உட்காருவார். பேச்சு மட்டும் அவள் வழியாகத்தான் போகும்.

“உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, குஞ்சு பொரிக்கற மெஷின் ஃபேன்ல சத்தம் வருது. பேரிங் போயிருக்கும்.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அது எனக்கும் கேக்குது.”

“கேட்டா மட்டும் போதுமான்னு கேளு.”

“ரெண்டு பேரும் சேர்ந்து என்னை டெலிஃபோன் ஒயரா ஆக்கிட்டீங்க,” என்பாள் அவள். “ஒரு நாள் ஒயர் அறுந்து போகும். அப்பத் தெரியும்.”

அண்ணன் எழுந்து போன பிறகு மேஜையில் காகிதம் சுற்றிய புதுப் பேரிங் ஒன்று இருக்கும். அவன் எடுத்துப் போய் மாட்டுவான். முட்டைத் தட்டுகளைச் சாய்த்துத் திருப்புகிற இரும்புத் தண்டுகூட அண்ணன் கடைந்து கொடுத்ததுதான். அதற்கு என்ன கூலி என்று அவளிடம் கேட்டனுப்பினான். ‘அளவு தப்பா இருந்தா மட்டும் சொல்லச் சொல்லு’ என்று பதில் வந்தது. அளவு மயிரிழைகூடத் தப்பவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள அறைதான் ஹேச்சரி. முட்டையை அடுக்கும் மெஷின் ஒன்று, ஓடு உடைந்து குஞ்சு வெளியே வரும் மெஷின் ஒன்று. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய சிறிய தொட்டி. அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது, வீட்டுக்கு வந்த விருந்தாளியானாலும் சரி. உள்ளே எப்போதும் ஈரமான வெப்பம், ஓட்டுத்தூள் நாற்றம், காற்றில் பறக்கிற மஞ்சள் பஞ்சு. அவன் தலைமுடியிலும் அவள் புடவை மடிப்பிலும் அந்தப் பஞ்சு ஒட்டியிருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சன்னலைத் திறப்பார்கள்.

முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். அவள் கை பட்ட முட்டை தவறாது என்று அவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

புது மெஷினுக்கு வங்கிக் கடன் வாங்கப் போன சமயத்தில், சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவள் ஒரு முறை சொன்னாள்.

“என் டெபாசிட் சும்மாதானே கெடக்கு. அதை எடுத்தா இவ்வளவு கடன் வாங்க வேண்டியதில்ல.”

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் கேட்டால் போதும், அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாள். கேட்கட்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அவனோ, கேட்டால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தான்.

போன கோடையில் அறையே அடுப்பாகி, மெஷின் நிறைய இருந்த முட்டை அத்தனையும் உள்ளுக்குள்ளேயே வெந்து போனது. அழுகிய முட்டைகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதிலிருந்து கடன் தவணை நிற்க ஆரம்பித்தது. அதிலிருந்துதான், பட்டறை இருக்கும் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவன் வண்டியின் வேகம் தானாகக் குறையும். உள்ளே லேத் சுற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு வேகம் தானாகக் கூடும். வீட்டுக்கு வந்து, “அந்தப் பக்கம் ரோடு சரியில்ல,” என்பான். அவளுக்கு எந்த ரோடு என்று தெரியும்.

மழை வந்து வெயில் தணிந்ததும் மறுபடி முட்டை வைத்தார்கள். குஞ்சு கேட்டு முன்பணம் கொடுத்தவர்கள் பலர். பெரிய பண்ணைக்காரர் யாரும் இல்லை. கொல்லையில் கூண்டு வைத்திருக்கும் தையல்காரி, ஓய்வுபெற்ற வாட்ச்மேன், பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மா இப்படி. கணவன் மனைவி இருவருக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. முன்பணத்தில் கை வைக்கக் கூடாது. ‘பொரியாத காசு’ என்று அவள் அதற்குப் பேர் வைத்திருந்தாள். குஞ்சு ஓட்டை விட்டு வெளியே வந்து, பெட்டியில் ஏறி, ஆள் கையில் போன பிறகுதான் அது தங்கள் காசு. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று அவன் வாங்கிய அன்றே வங்கியில் போட்டுவிடுவான். தவணை நின்றிருந்த அதே வங்கியில். வேறு இடத்தில் போடலாம் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

முட்டைகள் பொரிக்கும் மெஷினுக்கு மாறியிருந்தன. காலையில் அவள் கதவில் காது வைத்துக் கேட்டாள். டிக், டிக் என்று உள்ளேயிருந்து ஓடு கொத்துகிற சத்தம்.

“ஆரம்பிச்சுடுச்சுங்க.”

அவன் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது முகத்தில் இருக்கும்போதே வாசலில் லைன்மேன் சைக்கிள் மணி கேட்டது.

“கரண்ட் பில்லுக்கு நீங்க குடுத்த செக், பேங்க்ல பணம் இல்லைன்னு திரும்பிடுச்சாம். போன மாசப் பாக்கி வேற. கட் பண்ணச் சொல்லி லிஸ்ட் குடுத்திருக்காங்க.”

“பணம் இருக்கே. நேத்துக்கூடப் போட்டேன்.”

“அதை என்கிட்ட சொல்லி என்னங்க பண்றது? நான் கம்பம் ஏறுறவன்.” லைன்மேன் பொரிக்கும் அறையை எட்டிப் பார்த்தான். சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். “சரி, நான் கீழத் தெரு வேலையை முடிச்சு, சாப்பிட்டு வர்றேன். அது வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாது.”

இரண்டு பேரும் வங்கிக்கு ஓடினார்கள். கடன் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். கணினியைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார்.

“கடன் பாக்கிக்கு உங்க கணக்குல இருந்த பணத்தை எடுத்துக்கிட்டாங்க. முன்னாடியே தபால் வந்திருக்குமே.”

“வந்துதுங்க. வழக்கமா வர்றதுன்னு நெனச்சேன்,” என்றான் அவன். “மேடம், அது எங்க காசு இல்லைங்க. குஞ்சு வாங்கறவங்க காசு.”

“கணக்கு உங்க ரெண்டு பேர் பேர்லதானே இருக்கு?”

“ஆமாங்க.”

“கடனும் உங்க ரெண்டு பேர் பேர்லதான். அப்ப அதுல இருக்கறது உங்க பணம். யார் யாருக்காகக் குடுத்ததுன்னு பேங்க்குக்குத் தெரியாதுங்க.”

“நான்தான் சொல்றேனே.”

“நீங்க சொன்னா நான் நம்புவேன். கம்ப்யூட்டர் நம்பாதே.” அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “தவணை ஒரு பேங்க்ல நின்னுடுச்சுன்னா, அடுத்தவங்க காசை வேற பேங்க்ல போட்டு வெக்கணும். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. நீங்க ஏங்க இங்கேயே கொண்டுவந்து கொட்டுனீங்க?”

அவன் நிஜமாகவே குழம்பிப் போய் அவரைப் பார்த்தான்.

“கடன் குடுத்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாம காசை வேற எடத்துல ஒளிச்சு வெச்சா மரியாதையாங்க?”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மேலதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், பதில் வர நாளாகும் என்றார். அவள்தான் கேட்டாள்.

“எனக்கு ஒரு டெபாசிட் இருக்குங்க. அதையும் எடுத்துட்டாங்களா?”

“இல்ல. அதுல உங்க அண்ணன் பேரும் இருக்கு. அவர் கடன் வாங்கலையே, அதைத் தொட முடியாது.” அந்த அம்மாள் ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். “ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். இன்னொண்ணையும் கேட்டுக்கங்க. டெபாசிட்டை உடைச்ச பணம் உங்க கணக்குக்கு வந்துதுன்னா, வந்த வேகத்துல கடனுக்குப் போயிடும். உங்க அண்ணன் கணக்குக்கே போகட்டும்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா அங்க போகும். நான் யோசனை சொல்லலை. விதியைச் சொல்றேன். இன்னைக்கு முடியணும்னா கவுன்டர் மூடறதுக்குள்ள வரணும்.”

அவள் அங்கேயே தன் கையெழுத்தைப் போட்டாள். அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வானம் மூடிக்கொண்டு, காற்றில்லாமல் புழுங்கியது. தெரு முனையில் திரும்பும்போதே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. லைன்மேன் சாப்பிட்டு முடித்துவிட்டான். போகும்போது அவனே ஜெனரேட்டரை இழுத்து ஓடவிட்டுப் போயிருக்கிறான். டீசல் கேனை அவள் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் சலசலத்தது.

வாசலில் வங்கியின் கடன் வசூல்காரர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை.

“வணக்கம் சார். பாக்கி விஷயமா.”

“இப்பத்தான் மொத்தமா வழிச்சு எடுத்துட்டாங்களே. இன்னும் என்ன?” என்றாள் அவள்.

“அது பழைய தவணைங்கம்மா. இந்த மாசத்தது தனி.” அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. “கடன் வாங்கும்போது இனிக்குது…”

“ஏங்க, தெருவுக்குக் கேக்கற மாதிரி பேசக் கூடாதுன்னு உங்களுக்குச் சட்டம் இருக்காமே. உள்ள வந்து பேசுங்க. காலை அதுல நனைச்சுட்டு வாங்க.”

“ஷூ போட்டிருக்கேம்மா.”

“ஷூவோடதான்.”

வசூல்காரர் தோல் ஷூவோடு மருந்துத் தண்ணீரில் இறங்கினார். உள்ளே வந்தவர், பொரிக்கும் மெஷின் அருகே நின்று, ஏதோ சத்தம் கேட்டுக் கண்ணாடிக் கதவில் குனிந்து பார்த்தார். ஒரு முட்டையின் ஓடு கீறி, சின்ன மூக்கு ஒன்று வெளியே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் வெளிய வந்துட்டா எவ்வளவு தேறும்?”

“தேறினா தவணை கட்டுவோம். ஜெனரேட்டர் நின்னா நீங்க அடுத்த வாரம் வந்து குழி வெட்ட ஒரு கை குடுங்க,” என்றான் அவன்.

“எனக்கு என்ன சார், ஆசையா? கமிஷனுக்குத்தான் ஓடறேன். போன மாசம் என் வீட்டு வாசல்லயே ஒருத்தன் வந்து நின்னான், டிவி தவணைக்கு. அவனும் எங்க ஆபீஸ்தான்.” நோட்டில் ஏதோ எழுதினார். “வீடு பூட்டி இருந்துதுன்னு போட்டுக்கறேன்.” ஷூ சதக் சதக் என்று ஒலிக்க நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. மறுபடி ஓடியது. அவன் ஓடிப் போய் டீசல் கடைக்குப் போன் செய்தான். பழைய பாக்கியைக் கேட்டார்கள். தையல்காரிக்குப் போன் செய்ய எண்ணை எடுத்தான், வைத்துவிட்டான். தையல்காரி கொடுத்த முன்பணமும் போன காசுதான். அவளிடமே எப்படிக் கேட்பது?

ஜெனரேட்டர் நின்றது.

அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவர்கள் கேட்டதில்லை. விசிறிச் சத்தம் அடங்கியதும் டிக் டிக் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. முன்னைவிட நிறைய முட்டைகளிலிருந்து.

அவள் ஏற்கெனவே அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றியிருந்தாள். வெந்நீரைப் பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றி, துணி சுற்றி, அவனிடம் கொடுத்தாள். அவன் மெஷினுக்குள் தட்டுகளுக்கு நடுவே வைத்தான். கம்பளி, பழைய புடவை, மெத்தை விரிப்பு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து மெஷினைச் சுற்றி மூடினார்கள். அவன் கை வெந்து சிவந்திருந்தது. வெளியே மழை விழ ஆரம்பித்தது. தகரம் குளிர்ந்துகொண்டே வந்தது.

“எவ்வளவு நேரம் தாங்கும்?” என்றாள்.

“தண்ணி மாத்திக்கிட்டே இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் ஒண்ணொண்ணா நிக்கும்.”

அவள் இடுப்பிலிருந்து படிவத்தை எடுத்தாள். மழை படாமல் பால் கவருக்குள் வைத்திருந்தாள். அதை அவன் முன்னால் நீட்டினாள்.

“நீ போய்ட்டு வாயேன்,” என்றான் அவன், அவளைப் பார்க்காமல். “உங்க அண்ணன்தானே.”

“நான் போனா, ‘உன்னை ஏன் அனுப்பினார்’னு கேப்பான். அதுக்கு என்ன சொல்ல?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“பெஞ்சுல என்ன பேசிக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அன்னைக்கே அண்ணன் சொல்லிட்டான். இத்தனை மாசமா நீங்க அந்தப் பட்டறை முன்னாடி மெதுவாப் போய்ட்டு வேகமா வர்றதும் தெரியும். பட்டறைல இருந்து அவனும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். ‘இன்னைக்கும் உன் வீட்டுக்காரர் வண்டி இருமிட்டுப் போச்சு’ன்னு போன்ல சொல்வான்.”

“சொன்னானா?” அவன் அறியாமலே மரியாதை நழுவிவிட்டது.

“ஒயர்கிட்ட எல்லாரும்தானே சொல்றாங்க.” அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நான் வரமாட்டேங்க. தண்ணி மாத்த ஆள் வேணும். எனக்காகக் கேக்க வேண்டாம். உங்களுக்காகவும் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா கூண்டுக்குப் புதுசா பூட்டு வாங்கி வெச்சிருக்காங்களாம். காலைல வழியில பாத்துச் சொன்னாங்க.”

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அண்டாவைக் கிளறுவதற்காகத் திரும்பிக்கொண்டாள். வெந்நீரை யாரும் கிளறுவதில்லை.

அவன் பால் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் வண்டியை எடுத்தான்.

பட்டறைத் தெருவில் தண்ணீர் ஓடியது. வண்டியின் வேகம் வழக்கம்போலக் குறைந்தது. இந்த முறை அவன் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டான். நிறுத்திய பிறகும் வண்டியைவிட்டு இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணன் லேத்தில் குனிந்திருந்தார். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழுந்துகொண்டிருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மாப்பிள்ளை தனியாக வந்து நிற்பதைப் பார்த்தார். அவன் பின்னால், மழையில், தங்கை வருகிறாளா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. லேத்தை நிறுத்தினார்.

பட்டறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினார். அங்கே ஒரு துளை போடும் மெஷின் மட்டும் நின்றது.

“வந்தவங்களை உக்காரச் சொல்லு,” என்றார் அதைப் பார்த்து.

ஸ்டூலில் எண்ணெய்த் துணி கிடந்தது. அவரே எடுத்து, ஸ்டூலைத் துடைத்து, முன்னால் நகர்த்தி வைத்தார். அவன் உட்காரவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் மஞ்சள் பஞ்சு நனைந்து ஒட்டியிருந்தது. வெந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“கைல என்னாச்சுன்னு கேளு,” என்றார் அண்ணன், துளை மெஷினிடம். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. “தங்கச்சி நல்லா இருக்கால்லன்னு கேளு.”

அவன் வாயைத் திறந்தான். ‘உங்க அண்ணன்கிட்ட சொல்லு’ என்ற சொல்தான் நாக்கு நுனிவரை வந்தது. யாரிடம் சொல்வது? அவள் அங்கே ஒவ்வொரு கேனாக மாற்றிக்கொண்டிருப்பாள். மெஷினுக்குள் மூக்கு நீட்டியது எத்தனையோ.

எதிரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வங்கிக் கவுன்டர் இன்னும் மூடியிருக்காது.

“அவ நல்லா இருக்கா,” என்றான். பெஞ்சில் பேசிய நாளுக்குப் பிறகு அந்த மனிதரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அண்ணன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மெல்ல மேஜையில் வைத்தார்.

“அவ அனுப்பல. நானாத்தான் வந்தேன்,” என்றான். “டெபாசிட் காசு என் கைக்கு வர வேண்டாம், உங்க கணக்குக்கே வரட்டும். முட்டை பொரியற நேரத்துல கரண்டை வெட்டிட்டாங்க, பில்லை நீங்களே கட்டுங்க. மிச்சத்தை அவ கேக்கறப்போ அவ கைல குடுங்க. என்கிட்ட ஒரு பைசா குடுக்காதீங்க.”

இத்தனையும் சொல்லி முடித்த பிறகும் சொல்ல வேண்டியதைத் தான் இன்னும் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. அவர் காத்திருந்தார்.

அவன் பால் கவரிலிருந்து படிவத்தை எடுத்து, அவள் கையெழுத்து மேலே தெரியும்படி, ஈரக் கையோடு நீட்டினான்.

“அன்னைக்குக் கேக்க மாட்டேன்னு சொன்னேன், மச்சான். இப்பக் கேக்கறேன். கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”